கைத்தொலைபேசியில் விளம்பரத்தைத் தடுக்கலாமா?

கேள்வி: மடிக்கணினிக் குரோமில் உள்ள விளம்பரத் தடுப்பு நீட்சியைக் கைத்தொலைபேசிக் குரோமில் காணவில்லை. செய்தி வாசிக்கப் போனால் விளம்பரமே டேட்டாவைத் தின்கிறது. வழி உண்டா?
— வாசகி, சுன்னாகம்

பதில்: தேடிக் களைக்க வேண்டாம். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் குரோமில் நீட்சி போட முடியாது. நீட்சிகளை ஏற்கும் பயர்பொக்ஸ் உலாவியை நிறுவுங்கள். 2020இல் அதைப் புதிதாக்கியபோது ஒரு சில நீட்சிகளையே அனுமதித்தார்கள். 2023 டிசெம்பரில் நூற்றுக்கணக்கானவற்றுக்கு வழி திறந்தது. மெனுவில் நீட்சிகள் பகுதிக்குப் போய் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்த்தால் போதும். பெரும்பாலான விளம்பரங்களை அது தரவிறங்கவே விடாது. டேட்டா மிஞ்சுவது அதனால்தான்.

ஐபோனில் பயர்பொக்ஸ் இதற்கு உதவாது. ஆனால் 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் சஃபாரி உலாவி நீட்சிகளை ஏற்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம். பல நீட்சிகளுக்கு நீங்கள் திறக்கும் பக்கம் முழுவதையும் வாசிக்கும் அனுமதி உண்டு, வங்கிப் பக்கம் உட்பட. முன்பின் தெரியாத ஒன்றை, இலவசம் என்பதற்காகப் போடவே வேண்டாம்.

இன்னொன்றும் கேட்பேன். யாழ்ப்பாணச் செய்தியை இலவசமாகத் தரும் சிறு தளங்களுக்கு விளம்பரமே வருமானம். நீங்கள் மதிக்கும் தளத்தில் மட்டும் தடுப்பை நிறுத்தி வையுங்கள். யூபிளொக்கின் பெரிய பொத்தானை ஒருமுறை தொட்டால் சரி.