குறைந்த செலவில் விளையாட்டுக் கணினிக்குச் செயலி தெரிவு செய்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – கணினி வன்பொருள்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்
– செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகளை விளக்குவீர்கள்.
– செயலி, வரைவியல் அட்டை ஆகிய இரண்டிற்கும் இடையிலான தொடர்பைக் கணித்துக் காட்டுவீர்கள்.
– கையிலுள்ள பணத்திற்குப் பொருத்தமான செயலியைக் காரணத்துடன் தெரிவு செய்வீர்கள்.

அறிமுகம்

மாணவர்களே, பரீட்சை முடிந்ததும் கணினி வாங்கித் தருவதாக வீட்டில் பலருக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பணம் சீட்டுக் கட்டிச் சேர்த்ததாக இருக்கலாம். வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அது ஒரு தடவை மட்டுமே கிடைக்கும் பணம். பிழையான பாகத்தை வாங்கிவிட்டால் மாற்றுவதற்கு மறுபடியும் பணம் கிடைக்காது. எனவே “ஐ7 இருந்தால் எல்லாம் ஓடும்” என்று கேள்விப்பட்டதை நம்பாமல், வன்பொருள் பாடத்தில் படித்ததைக் கொண்டே முடிவெடுக்கப் பழகுவோம். இதே விடயங்கள் பரீட்சையிலும் உங்களுக்கு உதவும்.

1. விளையாட்டில் செயலி செய்யும் வேலை

மத்திய செயற்பாட்டு அலகானது கட்டுப்பாட்டு அலகு, எண்கணித தர்க்க அலகு, பதிவேடுகள் ஆகியவற்றைக் கொண்டது என்பது உங்களுக்குத் தெரியும். விளையாட்டொன்று ஓடும்போது விளையாடுபவர் அழுத்திய பொத்தான், எதிரியின் நகர்வு, பந்து விழும் இடம், மோதலின் விளைவு ஆகியவற்றைச் செயலி கணிக்கிறது. அதன்பின் எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளையை வரைவியல் அட்டைக்குக் கொடுக்கிறது. படத்தை வரைவது வரைவியல் அட்டையின் வேலையாகும். கடைகளில் இதனைக் கிராபிக்ஸ் காட் என்பார்கள்.

திரையில் தெரியும் ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம் எனப்படும். ஒரு செக்கனில் தோன்றும் சட்டகங்களின் எண்ணிக்கை சட்டக வீதம் ஆகும். செக்கனுக்கு 60 சட்டகங்கள் கிடைத்தால் அசைவு சீராகத் தெரியும். அப்போது ஒரு சட்டகத்திற்குக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60 = 16.7 மில்லிசெக்கன். செக்கனுக்கு 30 சட்டகங்கள் என்றால் 33.3 மில்லிசெக்கன்.

2. மெதுவானதே வீதத்தைத் தீர்மானிக்கும்

ரொட்டிக் கடையொன்றை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மாவைத் தட்டிக் கொடுக்கிறார். மற்றவர் அதைச் சுடுகிறார். தட்டுபவர் நிமிடத்திற்கு 10 ரொட்டி தட்டுவார். சுடுபவரால் நிமிடத்திற்கு 6 மட்டுமே சுட முடியும். அப்படியானால் வாடிக்கையாளருக்கு நிமிடத்திற்கு 6 ரொட்டிதான் கிடைக்கும். தட்டுவதற்கு இன்னும் கெட்டிக்காரர் ஒருவரைச் சம்பளம் கூட்டிக் கொண்டுவந்தாலும் 6 தான்.

செயலி தட்டுபவரைப் போன்றது. வரைவியல் அட்டை சுடுபவரைப் போன்றது. அட்டை ஒரு சட்டகத்தை வரையும்போதே செயலி அடுத்த சட்டகத்தைத் தயாரிக்கிறது. எனவே இரண்டின் நேரத்தையும் கூட்டக் கூடாது. கூடிய நேரத்தை எடுப்பதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

உதாரணம்: ஒரு சட்டகத்திற்குச் செயலி 8 மில்லிசெக்கனும் அட்டை 20 மில்லிசெக்கனும் எடுக்கின்றன.
சட்டக வீதம் = 1000 ÷ 20 = 50.
5 மில்லிசெக்கனில் முடிக்கும் விலை கூடிய செயலியைப் போட்டால்: 1000 ÷ 20 = 50. மாற்றம் இல்லை.
பழைய செயலியை வைத்துக்கொண்டு 12.5 மில்லிசெக்கனில் முடிக்கும் அட்டையைப் போட்டால்: 1000 ÷ 12.5 = 80.

நினைவில் வைக்க: செயலி போதுமான அளவு வேகமாக இருந்தால் போதும். அதற்கு மேல் செலவிடும் பணம் திரையில் தெரியாது.

எது மெதுவானது என்பதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் பிரிதிறனை 1920 × 1080 இலிருந்து 1280 × 720 இற்குக் குறையுங்கள். வரைய வேண்டிய பிக்சல்கள் 2,073,600 இலிருந்து 921,600 ஆகக் குறையும். சட்டக வீதம் நன்றாகக் கூடினால் இதுவரை தடையாக இருந்தது வரைவியல் அட்டை. வீதம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் தடை செயலிதான்.

3. செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

(அ) கடிகார வேகம்
இது கிகாஹேட்சில் அளக்கப்படும். ஒரே தலைமுறைச் செயலிகளை ஒப்பிட இது உதவும். வெவ்வேறு தலைமுறைகளை ஒப்பிட இது மட்டும் போதாது. 2004 இல் வெளிவந்த பென்டியம் 4 செயலியொன்றின் வேகம் 3.8 கிகாஹேட்ஸ். 2006 இல் வந்த கோர் 2 டுவோ ஈ6600 இன் வேகம் 2.4 கிகாஹேட்ஸ் மட்டுமே. ஆயினும் பின்னையதே விளையாட்டுகளில் வேகமாக இயங்கியது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் அது கூடுதலான வேலையைச் செய்து முடித்ததே காரணம்.

(ஆ) கருக்களின் எண்ணிக்கை
பல்கருச் செயலியில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆனால் விளையாட்டின் எல்லா வேலைகளையும் கருக்களுக்குப் பங்கிட முடியாது. சில வேலைகள் ஒன்று முடிந்த பின்னரே மற்றது தொடங்கும். 2012 இல் வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 எட்டுக் கருக்களுடன் 4.0 கிகாஹேட்சில் இயங்கியது. அதே ஆண்டு வந்த நான்கு கருக்கள் கொண்ட இன்டெல் ஐ5-3570கே அன்றைய பல விளையாட்டுகளில் அதை முந்தியது. இன்றைய விளையாட்டுகளுக்கு நான்கு கருக்களும் எட்டு இழைகளும் ஆகக் குறைந்த அளவு எனலாம். ஆறு கருக்களும் பன்னிரண்டு இழைகளும் இருந்தால் குறைந்த செலவுக் கணினிக்கு நல்ல தெரிவாகும்.

(இ) பதுக்கு நினைவகம்
அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலிக்கு அருகிலேயே வைத்திருப்பது பதுக்கு நினைவகம். இதனால் முதன்மை நினைவகத்திற்குப் போய்வரும் நேரம் மிச்சமாகிறது. ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ் செயலியின் உச்ச வேகம் 4.7 கிகாஹேட்ஸ், அதன் மூன்றாம் மட்டப் பதுக்கு நினைவகம் 32 மெகாபைற்று. 2022 இல் வந்த 5800எக்ஸ்3டி இன் உச்ச வேகம் 4.5 கிகாஹேட்ஸ்தான், ஆனால் அதன் பதுக்கு நினைவகம் 96 மெகாபைற்று. பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டாவதே முன்னிற்கிறது.

(ஈ) தலைமுறை
பழைய கணினிகள் விற்கும் இடங்களில் “ஐ7 கணினி” என்று எழுதியிருக்கும். உள்ளே ஐ7-4770 இருக்கலாம். அது 2013 இல் வந்த நான்காம் தலைமுறைச் செயலி. 2022 இல் வந்த ஐ3-12100எஃப் பன்னிரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. இரண்டிற்கும் நான்கு கருக்கள், எட்டு இழைகள். ஆயினும் புதிய ஐ3 பழைய ஐ7 ஐ விடத் தெளிவாகவே வேகமானது. மேலும் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. நான்காம் தலைமுறைச் செயலிகள் விண்டோஸ் 11 இற்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை.

4. பெயரை வாசிக்கும் முறை

இன்டெல் ஐ5-12400எஃப்: ஐ5 என்பது தரம், 12 என்பது தலைமுறை, 400 என்பது அத்தலைமுறைக்குள் அதன் இடம், எஃப் என்பது செயலிக்குள் வரைவியல் வசதி இல்லை என்பதைக் குறிக்கும்.

எஃப் எழுத்துள்ள செயலியை வாங்கி, வரைவியல் அட்டை வாங்காமல் விட்டால் திரையில் படமே வராது. ஏஎம்டி இல் இன்னும் கவனம் தேவை. ரைசன் 5 5600 என்ற பெயரில் எஃப் இல்லை. ஆயினும் அதனுள் வரைவியல் வசதியும் இல்லை. ரைசன் 5000 வரிசை மேசைக் கணினிச் செயலிகளில் 5600ஜீ போல ஜீ எழுத்து உள்ளவற்றிலேயே அவ்வசதி உண்டு.

குறைந்த செலவுக்கு அடிக்கடி எடுக்கப்படும் நான்கு செயலிகள்:
– ஐ3-12100எஃப்: 4 கரு, 8 இழை, உச்சம் 4.3 கிகாஹேட்ஸ், பதுக்கு 12 மெகாபைற்று, அட்டை கட்டாயம்.
– ஐ5-12400எஃப்: 6 கரு, 12 இழை, உச்சம் 4.4 கிகாஹேட்ஸ், பதுக்கு 18 மெகாபைற்று, அட்டை கட்டாயம்.
– ரைசன் 5 5600: 6 கரு, 12 இழை, உச்சம் 4.4 கிகாஹேட்ஸ், பதுக்கு 32 மெகாபைற்று, அட்டை கட்டாயம்.
– ரைசன் 5 5600ஜீ: 6 கரு, 12 இழை, உச்சம் 4.4 கிகாஹேட்ஸ், பதுக்கு 16 மெகாபைற்று, அட்டை இல்லாமலும் இயங்கும்.
(பதுக்கு நினைவக அளவுகள் மூன்றாம் மட்டத்திற்குரியவை.)

அட்டை வாங்க இப்போது பணம் போதாதவர்களுக்கு 5600ஜீ உதவும். பாரமில்லாத விளையாட்டுகளை அதிலேயே விளையாடலாம். பிறகு பணம் சேரும்போது அட்டையைப் பூட்டலாம். இதற்கு ஒரே ஒரு நினைவகத் தட்டுக்குப் பதிலாகச் சமனான இரண்டு தட்டுகள் போடுங்கள். டிடிஆர்4-3200 தட்டு ஒன்று செக்கனுக்கு 25.6 கிகாபைற்று தரவைக் கொண்டு செல்லும். இரண்டு தட்டுகளை இரண்டு வழிகளில் பூட்டினால் 51.2 கிகாபைற்று. செயலிக்குள் இருக்கும் வரைவியல் பகுதி முதன்மை நினைவகத்தையே பயன்படுத்துவதால் இவ்வேறுபாடு விளையாட்டில் தெரியும்.

5. பொருந்துமா எனப் பார்த்தல்

செயலியைத் தாய்ப்பலகையில் பூட்டும் இடம் சொக்கட் எனப்படும். மேற்கூறிய இன்டெல் செயலிகளுக்கு எல்ஜிஏ 1700 சொக்கட்டும், ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4 சொக்கட்டும் வேண்டும். ஒன்று மற்றதில் பொருந்தாது. ஏஎம்4 இல் டிடிஆர்4 நினைவகம் பூட்டப்படும். எல்ஜிஏ 1700 தாய்ப்பலகைகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

6. பணத்தைப் பங்கிடுதல்

கணக்கிற்காக எடுத்துக்கொண்ட விலைகள் கீழே தரப்பட்டுள்ளன. செயலிக்கும் அட்டைக்குமாக ரூபா 100,000 உள்ளது.

தெரிவு 1: செயலி ரூபா 65,000 (5 மில்லிசெக்கன்), அட்டை ரூபா 35,000 (20 மில்லிசெக்கன்). சட்டக வீதம் 50.
தெரிவு 2: செயலி ரூபா 35,000 (8 மில்லிசெக்கன்), அட்டை ரூபா 65,000 (12.5 மில்லிசெக்கன்). சட்டக வீதம் 80.

செலவு ஒன்றே, பயன் வேறு. எனினும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் போன்றவற்றைக் குறைந்த பிரிதிறனில் மிக உயர்ந்த சட்டக வீதத்தில் விளையாட விரும்புபவர் செயலிக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்கலாம். எனவே முதலில் என்ன விளையாட்டு, என்ன திரை என்பதைத் தீர்மானியுங்கள்; பிறகு பாகத்தைத் தெரியுங்கள்.

விலையை வாங்கும் நாளிலேயே கேட்டறிய வேண்டும். இப்பாகங்கள் டொலரில் விலையிடப்பட்டு இறக்குமதியாகின்றன. ரைசன் 5 5600 இன் அறிமுக விலை 2022 ஏப்ரலில் 199 டொலர். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. வரியும் இலாபமும் சேர்க்காமலே 39,800 ரூபாப் பெறுமதி 71,640 ரூபா ஆனது. பழைய விலைப்பட்டியலை வைத்து வீட்டில் பணம் கேட்டால் கடையில் ஏமாற்றமே கிடைக்கும்.

7. கடையில் கேட்க வேண்டியவை

1. செயலியின் முழுப் பெயரும் இலக்கமும் என்ன? “ஐ5” என்பது போதாது.
2. வரைவியல் வசதி உள்ளதா?
3. தாய்ப்பலகையின் சொக்கட், நினைவக வகை என்ன?
4. குளிர்விக்கும் விசிறி பெட்டியுடன் வருகிறதா?
5. உத்தரவாதம் எவ்வளவு காலம்? பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா?

பயிற்சி வினாக்கள்

1. செக்கனுக்கு 144 சட்டகங்கள் பெற ஒரு சட்டகத்திற்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு?
2. ஒரு கணினியில் செயலி 15 மில்லிசெக்கனும் அட்டை 10 மில்லிசெக்கனும் எடுக்கின்றன. (i) சட்டக வீதம் யாது? (ii) புதிய அட்டை வாங்குவது பயன் தருமா?
3. ஒரு மாணவன் ஐ5-12400எஃப் செயலியுடன் கணினி பூட்டினான். அட்டை இல்லை. திரையில் படம் வரவில்லை. காரணமும் தீர்வு இரண்டும் தருக.
4. ரைசன் 5 5600 ஐ எல்ஜிஏ 1700 தாய்ப்பலகையில் பூட்டலாமா?
5. “ஐ7 எப்போதும் ஐ3 ஐ விட வேகமானது.” இக்கூற்றை உதாரணத்துடன் ஆராய்க.

விடைக் குறிப்புகள்

1. 1000 ÷ 144 = ஏறத்தாழ 6.9 மில்லிசெக்கன்.
2. (i) 1000 ÷ 15 = ஏறத்தாழ 67. (ii) தராது, தடையாக இருப்பது செயலி.
3. எஃப் வகைச் செயலியில் வரைவியல் வசதி இல்லை. அட்டை பூட்டலாம், அல்லது எஃப் இல்லாத ஐ5-12400 இற்கு மாற்றலாம்.
4. முடியாது. அதற்கு ஏஎம்4 சொக்கட் வேண்டும்.
5. பிழை. தரப்பெயரோடு தலைமுறையையும் பார்க்க வேண்டும். ஐ7-4770 (2013), ஐ3-12100எஃப் (2022) ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதுக.

கடைசியாக ஒன்று. உதாரணத்தின் தெரிவு 2 இல் உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். எதற்கு எவ்வளவு, ஏன் என்று உங்களால் விளக்க முடிந்தால், பணம் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும். வினாத்தாளில் “காரணம் தருக” என்று கேட்டாலும் பேனா தயங்காது.