வட்டக் கணக்கு: கிணற்றுக்கும் பாவுக்கும்

உழவர் வெட்டும் கிணறும், நெசவாளர் பாவு ஓட்டும் உருளையும் வட்டமானவை. ஆதலின் வட்டத்தை அளக்கும் முறையை நம் சங்க அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

விட்டத்தை 22ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் சுற்றளவு கிடைக்கும். சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும். 22/7 என்பது முற்றும் துல்லியமன்று. எனினும் நம் தொழிலுக்குப் போதுமானது.

7 மீட்டர் விட்டமுள்ள கிணற்றைக் கொள்வோம். சுற்றளவு 22 மீட்டர். 11ஐ 3.5ஆல் பெருக்க, பரப்பு 38.5 சதுர மீட்டர். விட்டம் 14 மீட்டராயின் சுற்றளவு 44 மீட்டர். பரப்போ 154 சதுர மீட்டர். அதாவது, விட்டம் இரட்டித்தால் சுற்றளவு இரட்டிக்கும். பரப்பு நான்கு மடங்காகும். ஆழம் ஒன்றேயாயினும் தோண்டும் மண் நான்கு மடங்கு. அகலம் இரு மடங்குதானே என்று கூலியையும் இரு மடங்காகப் பேசி முடித்தால், தோண்டுவோரின் உழைப்பில் பாதிக்குக் கூலி இல்லாமற்போகும். ஆகவே ஒப்பந்தத்தைக் கன மீட்டர்க் கணக்கில் எழுதுவதே முறை.

இனி, பாவு உருளை. விட்டம் 1.4 மீட்டராயின் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர், 25 சுற்றுக்கு 110 மீட்டர். விட்டத்தை 7 சென்டிமீட்டர் குறைத்து அளந்துவிட்டால், 25 சுற்றில் 5.5 மீட்டர் பாவு கணக்கில் வாராது. அஃது ஒரு சேலையின் நீளம்!

பயிற்சியாக, 10.5 மீட்டர் விட்டமுள்ள கிணற்றைக் கணக்கிடுக. சுற்றளவு 33 மீட்டரும், பரப்பு ஏறக்குறைய 86.6 சதுர மீட்டரும் வருமாயின் விடை சரி.