தசைக்குப் பென்ஷன் கிடையாது

"தேதி குறிச்சாச்சு. அதுவரைக்கும் கட்டிலை விட்டு எறங்காதீங்க." முதுகெலும்பு ஆபரேஷனுக்கு நாள் வாங்கி வந்தவருக்கு, கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் கிடைக்கும் முதல் புத்திமதி இதுதான். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆபரேஷன்வரை படுத்தே கிடப்பதைப்போல ஒருவருக்குக் கெடுதல் செய்வது வேறு இல்லை.

முதுகெலும்பை ஒட்டி, கணுவுக்குக் கணு அதைப் பிடித்து நிறுத்துவது மல்டிஃபிடஸ் என்ற ஆழமான தசை. வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் அது மெலியும். மெலிந்த இடத்தில் கொழுப்பு ஏறும். கூடவே தொடையும் பிட்டமும் வற்றும். ஆபரேஷனுக்கு மறுநாள் எழுந்து நிற்கச் சொல்லும்போது தேவைப்படுவது அந்தத் தொடைதான்.

ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு 1995-இல் வெளியானது. புதிதாக முதுகுவலி வந்தவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்கவைத்தார்கள். இன்னொரு பகுதிக்கு முதுகுப் பயிற்சி. மற்றவர்களை, வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் தேறியது மூன்றாம் குழு. பயிற்சி செய்தவர்களும் பின்தங்கினார்களே என்று கேட்பது நியாயம். அது சில நாள் வலி. அதற்கு நடமாட்டமே போதும். மாதக்கணக்கில் வலித்துத் தசை சோர்ந்தவரின் கதை வேறு.

"சுரங்கத்துல உழைச்ச உடம்பு, இதுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்பது அடுத்த நம்பிக்கை. தங்கவயல் சுரங்கங்கள் மூடியது 2001 பிப்ரவரி 28. அன்று நாற்பது வயதில் வெளியே வந்தவர் இப்போது அறுபதுகளின் நடுவில் இருக்கிறார். குனிந்து டிரில் பிடித்த வருடங்கள் முதுகெலும்புக்குத் தேய்மானத்தைத் தந்திருக்கலாம். அன்றைய பலம் இன்றுவரை மிச்சம் இருக்காது. தசைக்குப் பென்ஷன் கிடையாது, அன்றன்று வேலை கொடுத்தால்தான் உண்டு. அவர் பிள்ளைகளோ மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய்த் திரும்புகிறார்கள். தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்தும் நெரிசலில் நின்றும் போகிற அந்த முதுகுக்கும் அலுப்பு உண்டு, பயிற்சி இல்லை.

இனி எதிர்ப்பக்கத்து நம்பிக்கை. "ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணா ஆபரேஷனே வேண்டாம்." பாதி உண்மை. டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு வலி இறங்கிய 283 பேரை நெதர்லாந்தில் பின்தொடர்ந்தார்கள். முடிவு வந்த ஆண்டு 2007. சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களிலும் பொறுத்துப் பார்த்தவர்களிலும் ஒரு வருடத்தில் 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். ஆனால் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது; பொறுத்துப் பார்த்தவர்களிலும் 39 சதவீதம் பேர் கடைசியில் கத்திக்குத்தான் போனார்கள்.

முன்கூட்டியே பயிற்சி செய்தால் ஆபரேஷனின் பலன் கூடுமா? ஆபரேஷனுக்குக் காத்திருந்த 197 பேரை வைத்து ஸ்வீடனில் பார்த்தார்கள். ஒன்பது வாரம் பிசியோதெரபி எடுத்தவர்களுக்குக் காத்திருந்த காலத்தில் வலி குறைந்தது, அசைவது பற்றிய பயமும் குறைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகோ, வலியிலும் அன்றாட வேலைத் திறனிலும் இரு குழுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, பயிற்சியை மந்திரமாக விற்பவர்களை நம்ப வேண்டாம். காத்திருக்கும் நாட்களைக் குறைந்த வலியோடு, சொந்தக் காலில் நடந்து கழிக்கலாம். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு அது சின்ன லாபம் இல்லை.

தங்கவயலில் மட்டும் பயிற்சிக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: நெஞ்சில் தூசி இருக்கிறதா? பாறையைத் துளைத்த சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் ஆகிறது. 1940-களில் இங்கே சோதித்த தொழிலாளர்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் அந்தப் பாதிப்பு தெரிந்தது. சிலிகோசிஸ் வந்தவரை டி.பி. எளிதில் பற்றும், டி.பி. முதுகெலும்பிலும் குடியேறும். சாயங்காலக் காய்ச்சல், உடல் இளைப்பு, ராத்திரியில் படுத்தாலும் ஓயாத வலி இருந்தால் பயிற்சியைத் தொடாதீர்கள், முதலில் டி.பி. பரிசோதனை. பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகும் நோய் அது; அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தூசி பட்ட நெஞ்சு என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் அதை மறைக்கக் கூடாது. மூச்சுப் பயிற்சியும் ஆபரேஷனுக்கான தயாரிப்புதான். பீடியைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும். நெஞ்சுச் சளித் தொல்லை குறையும். எலும்பை ஒட்டவைக்கும் ஆபரேஷன் என்றால் ஒட்டுவதையும் புகை கெடுக்கும்.

இடுப்பு பெல்ட்? பயணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். அது தசையை வளர்க்காது.

டாக்டர் சரி என்ற பிறகு செய்ய வேண்டியதும் அதிகமில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது. சமதரையில், நின்று நின்றாவது நடப்பது. சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டுப் பக்கம் வேண்டாம், காற்று வீசினால் தூள் பறக்கும். முதுகில் லேசாக வலித்தால் தொடரலாம், வலி காலுக்கு இறங்கினால் நிறுத்த வேண்டும். கட்டிலிலிருந்து நேராக நிமிராமல், உடம்பை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டி, கையூன்றி எழவும் இப்போதே பழகுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் முதலில் செய்யச் சொல்வது அதைத்தான்.