ஐயமும் ஆராய்ச்சியும்

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையை அடுத்து அமைந்துள்ளது சிறுசேரி. அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கணிப்பொறியின்முன் அமர்ந்து பணி புரிகின்றனர். அவர்களுள் ஒருவர் ஒருநாட் காலை தம் பொறியை இயக்குகின்றார் எனக் கொள்வோம். வழக்கத்திற்கு மாறாக அது மெல்ல இயங்குகின்றது. அதன் விசிறி ஓயாது இரைகின்றது. பணியேதும் தொடங்கா முன்னரே பொறிக்கு இத்துணை உழைப்பு எதற்கு? அவர் உள்ளத்தில் ஐயம் எழுகின்றது. இனி அவர் செய்யத்தக்கது யாது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், விண்டோஸ் கணிப்பொறியில் அப்பொழுது இயங்கும் நிரல்களின் பட்டியலைக் காணலாம். நிரலாவது, பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி. பட்டியலில் உள்ள அறியாத பெயர்களெல்லாம் பகைவர் பெயர்கள் அல்ல. எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்பது விண்டோஸுக்கே உரிய நிரல். ஆயினும், அதன் எழுத்துக்கள் இரண்டை இடம் மாற்றி, எஸ்.சி.வி.ஹோஸ்ட் எனப் பெயர் பூண்டு வந்த தீநிரல்களும் உண்டு. ஆதலின் பெயரைமட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது.

ஊருக்குப் புதிதாய் வந்த ஒருவனை, "எங்கிருந்து வருகின்றாய்? உன்னை அறிந்தவர் யாவர்? யாரைக் காணச் செல்கின்றாய்?" என்று வினவுகின்றோம் அல்லவா? நிரலையும் அவ்வாறே வினவுதல் வேண்டும். அஃது எக்கோப்புறையிலிருந்து இயங்குகின்றது? வெளியிட்டவரின் மின்னணுக் கையொப்பம் அதற்கு உண்டா? இணையத்தின் வழியே எவ்விடத்தோடு தொடர்பு கொள்கின்றது? இவற்றிற்குத் தக்க விடை கிடையாதாயின் ஐயம் வலுப்பெறும்.

அப்பொழுது பொறியை இணையத்தினின்றும் அலுவலக வலையினின்றும் உடனே பிரித்தல் வேண்டும்; பாதுகாப்புப் பொறுப்பாளர்க்குக் காலந்தாழ்த்தாது அறிவித்தல் வேண்டும். பதற்றத்தால் நிரலை அழித்தலும், மின்விசையை நிறுத்தலும் ஆகா. ஆராய்வதற்கு வேண்டிய தடயங்கள் அவற்றால் மறைந்துபோகும்.

'ஓர் அலுவலகப் பொறிதானே!' என்று இகழ்தல் தவறு என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறியொன்றில் தீநிரல் புகுந்திருத்தலைச் செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு கண்டு அறிவித்தது. அணுசக்தித் துறை வல்லுநர் ஆராய்ந்தனர். அது நிருவாகப் பணிக்கென இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒருவரின் பொறி. நிலையத்தை இயக்கும் உள்வலை அதனோடு தொடர்பின்றித் தனித்து இருந்தது. ஆதலின் நிலையத்தின் இயக்கம் ஊறுபடவில்லை. அக்டோபர் 29-ஆம் நாள் நிலையத்தார் இச்செய்தியை மறுத்தனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் புகுந்தது உண்மையே என ஒப்புக்கொண்டது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? பிரித்து வைத்த முன்யோசனை நிலையத்தைக் காத்தது. மறுப்போ, ஒருநாளைக்குமேல் நிற்கவில்லை. தன் பொறியில் தீநிரல் புகுந்ததை வெளியிட ஒருவன் நாணி மறைப்பானாயின், அந்நாணம் கள்வனுக்கே துணையாகும். தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். அஞ்சி அழிக்காமலும், அசட்டையாய் விட்டுவிடாமலும், ஐயுற்றதை ஆராய்ந்து, அறிந்ததை உரியவர்க்கு உடனே உரைத்தலே அறிவுடைமை ஆகும்.