கையும் பத்திரம், ரம்பமும் பத்திரம்



கொட்டாங்குச்சியில் பட்டன், சாவிக்கொத்து வில்லை செய்யும் குழுக்களுக்கு 'ஹோல் சா' பழக்கமான கருவிதான். டிரில்லிங் மெஷினில் மாட்டும் கிண்ணம் போன்ற ரம்பம். விளிம்பு முழுக்கப் பல், நடுவில் துளை போடும் பிட்.

சமீபத்தில் ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். ஒரு அக்காவின் இடது உள்ளங்கையில் பெரிய கட்டு. "ஓட்டைக் கையில பிடிச்சுக்கிட்டே வெட்டினேன் மேடம். பல்லு மாட்டி ஓடு சுத்திடுச்சு" என்றார். பத்து நாள் வேலை இல்லை. அந்த மாதத் தவணையை மற்ற உறுப்பினர்கள் சேர்ந்து கட்டினார்கள். ஒரு கிளாம்ப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆகவே இந்தப் பாடம்.

தொடங்கும் முன்

* முந்தானையை இழுத்துச் செருகுங்கள். பின்னலைக் கொண்டை போடுங்கள். வளையல், துப்பட்டா வேண்டாம். கையுறையும் வேண்டாம், சுற்றும் பிட்டில் அது சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.
* கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். ஓட்டுத் தூள் நெஞ்சுக்குக் கெடுதல்.
* ஓட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டும் அசையாதபடி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.
* சக் சாவியைக் கழற்றியாச்சா என்று பார்த்த பிறகே சுவிட்ச் போடுங்கள்.

வெட்டும்போது

* வட்டம் பெரிதானால் வேகம் குறைய வேண்டும். ராட்டினத்தில் ஓரத்தில் இருப்பவர்தானே அதிக தூரம் சுற்றுகிறார்? பெரிய ரம்பத்தின் பல்லும் அப்படித்தான். வேகம் கூடினால் சூடேறி மழுங்கிவிடும்.
* மெஷினை நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் பல் மாட்டி, மணிக்கட்டை முறுக்கிவிடும். பக்கக் கைப்பிடி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.
* அழுத்தாதீர்கள். கொஞ்சம் வெட்டியதும் மேலே தூக்கித் தூளை வெளியேற்றி, மறுபடி இறக்குங்கள்.
* தடிப்பான பலகையானால், நடு பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். பலகையைத் திருப்பிப்போட்டு அதே துளையில் பிட்டை வைத்து வெட்டுங்கள். ஓரம் பிய்யாது.

வில்லை உள்ளே சிக்கினால்

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ரம்பம் சூடாக இருக்கும், ஆறட்டும். பிறகு பக்கத்தில் உள்ள இடைவெளி வழியாக ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பி எடுங்கள். பல்லின் மேல் சுத்தியலால் தட்டக் கூடாது.

பராமரிப்பு

* வேலை முடிந்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். கருகல் ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெஷின் எண்ணெய் லேசாகத் தடவுங்கள்.
* எல்லா ரம்பத்தையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். பல்லோடு பல் உரசினால் கூர் போய்விடும். தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள்.
* புகை, கருகல் வாசனை, வில்லை ஓரத்தில் கறுப்பு: இவை வந்தால் முதலில் வேகத்தைக் குறைத்து, பல்லைச் சுத்தம் செய்து பாருங்கள். அப்படியும் கருகினால் பல் மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். பல் உடைந்த ரம்பத்தை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

"புது ரம்பம் வாங்கக் காசு ஏது மேடம்?" என்று கேட்பீர்கள். மழுங்கிய ரம்பத்தால் உடையும் வில்லைகளை ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள், கணக்கு புரியும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் பட்டறையில் கிளாம்ப், கண்ணாடி, மாஸ்க் எத்தனை இருக்கின்றன?
2. ரம்பம் மாற்ற மாதந்தோறும் தனியாக எவ்வளவு ஒதுக்கலாம்?

பேசி முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சம்பாதிக்கிற கை நல்லா இருந்தால்தான் சேமிப்பும் வளரும்.