மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால்

உழவர்களே, வீட்டிலிருந்து போன் போட்டு மோட்டாரை நிறுத்துகிறோமே, அந்த அழைப்பு நேராகக் கிணற்றுக்குப் போவதில்லை. நம் போன் ரேடியோ அலையில் பக்கத்து டவருக்குச் சொல்லும். அங்கிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். ஸ்டார்ட்டரில் இருக்கும் சிம் எந்தப் பகுதியில் இருக்குன்னு எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். அந்தப் பகுதி டவர் சிம்மைக் கூப்பிடும்.

போன கோடையில் மோட்டாரைக் கையால் போட்டு, இரும்புப் பெட்டியைச் சாத்திவிட்டு வந்தேன். நிறுத்தக் கூப்பிட்டால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. ஓடிப்போய்ப் பார்த்தால் கிணறு வற்றி, காயில் கருகிக் கிடந்தது. ஆன்டெனா பெட்டிக்குள்ளே! இரும்பு அலையை மறிக்கும்.

வங்கியில் ரசீது இல்லாமல் எதையும் நம்பாதவன் நான். நீங்களும் ஆன்டெனாவை வெளியே, உயரத்தில் கட்டுங்க. பதில் எஸ்.எம்.எஸ். வந்தால்தான் மோட்டார் நின்னுச்சுன்னு நம்புங்க.