பகிர்வு திறக்காதபோது

அலுவலகங்களில் ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வரின் ஃபோல்டரைத் திறக்க முடியாமற்போகும் ஒவ்வொரு சமயத்திலும், "நெட்வொர்க் சரியில்லை" என்ற ஒரே வாக்கியத்தால் அந்த உபத்திரவம் வர்ணிக்கப்படுவதைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். கேபிளையும் ஸ்விட்சையும் சந்தேகிப்பது மனிதருக்கு இயல்பு. அவை கண்ணுக்குத் தெரிகின்றன, பிடுங்கிச் சொருகலாம், சொருகியதும் ஏதோ பிரயத்தனம் செய்தோம் என்ற திருப்தியும் கிடைக்கிறது. ஆயினும், விண்டோஸ் சர்வர்களையும் லினக்ஸ் சர்வர்களையும் பராமரித்துப் பெற்ற அனுபவத்தில் நான் கண்டது, இணைப்புக் கோளாறு என்ற பெயரில் வந்து சேரும் புகார்களில் பெரும்பகுதி இணைப்பைப் பற்றியதே அல்ல, வந்து நிற்பவர் யார் என்பதைப் பற்றியது என்பதே. கம்பி ஒழுங்காய்த்தான் இருக்கிறது. அதன் வழியே போய்ச் சேர்ந்த ஆள்தான், தாம் யாரென்று நிரூபிக்க முடியாமலோ, தாம் நினைத்த ஆளாக அன்றி வேறோர் ஆளாகவோ போய் நிற்கிறார்.

எந்த இடத்தில் காரியம் தடைப்பட்டது என்பதைத் திரையில் தோன்றும் பிழை எண்ணே அநேகமாகச் சொல்லிவிடும். ஆனால் அந்த எண்ணை வாசிக்கும் பொறுமைதான் நம்மில் பலருக்கு இல்லை. பிழைப் பெட்டி தோன்றிய கணமே அதை மூடிவிட்டு, பிறகு ஒருவரை அழைத்து, "என்னமோ எர்ரர் வந்தது சார்" என்கிறோம். எக்ஸ்ப்ளோரர் காட்டும் பெட்டியைக் காட்டிலும், கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'நெட் யூஸ்' கட்டளையால் அதே பகிர்வை அழைத்துப் பார்ப்பது மேல்; அங்கே அலங்காரமில்லாத எண் ஒன்று வந்து நிற்கும். 53 என்று வந்தால், பெயரைக் கொண்டு சர்வரை அடைய முடியவில்லை. 67 என்றால், சர்வர் கிடைத்தது, அங்கே அந்தப் பெயரில் பகிர்வு இல்லை என்றே பெரும்பாலும் பொருள். 1326 என்றால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. 5 என்றால் ஆளை அடையாளம் கண்டாயிற்று, உரிமைதான் இல்லை. எக்ஸ்ப்ளோரரை விட மனமில்லாதவர்கள், அது காட்டும் 80070035 போன்ற நெடிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பதினாறடிமான முறையில் வாசித்தால், அதே 53 அதனுள் ஒளிந்திருப்பதைக் காணலாம். இந்த நான்கு எண்களையும் மனனம் செய்துகொண்டவருக்கு, விசாரணையில் பாதி வேலை நாற்காலியைவிட்டு எழுமுன்னரே முடிந்துவிடுகிறது.

53 வந்ததும் 'பிங்' செய்து பார்ப்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. பிங் போகிறது என்பதனால் பகிர்வு திறக்க வேண்டும் என்றோ, பிங் போகவில்லை என்பதனால் சர்வர் செத்துக் கிடக்கிறது என்றோ முடிவுகட்டுவது காரணகாரியத் தொடர்பில்லாத அனுமானம். விண்டோஸின் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிட்டுக் கோப்புப் பகிர்வை அனுமதிக்கவும் கூடும், பிங்கை அனுமதித்துவிட்டுக் கோப்புப் பகிர்வைத் தடுக்கவும் கூடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டி.சி.பி. 445 என்ற போர்ட் திறந்திருக்கிறதா? பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' என்ற கட்டளையில் சர்வரின் பெயரையும் அந்த எண்ணையும் கொடுத்தால், உண்டு அல்லது இல்லை என்ற விடை உடனே கிடைக்கும். விண்டோஸ் என்.டி. காலத்தில் இந்த வியவகாரம் 137, 138, 139 ஆகிய போர்ட்களின் வழியே நடந்தது. விண்டோஸ் 2000 முதல் 445 ஒன்றே போதுமென்றாயிற்று. அப்படியிருந்தும், பழைய குறிப்பேடுகளை அனுசரித்து 137-இலிருந்து 139 வரை திறந்து வைத்துவிட்டு, 445-ஐ மட்டும் மூடி வைத்திருக்கும் ஃபயர்வால்களை நான் சந்தித்ததுண்டு.

நம் ஊர்களில் மின்சாரம் போய் வருவதோடு சேர்ந்து வரும் ஒரு விசேஷத்தையும் இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். யூ.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டு எல்லா இயந்திரங்களும் அணைந்து, பிறகு எல்லாம் ஏககாலத்தில் எழும்போது, டொமைன் கன்ட்ரோலர் தயாராவதற்கு முன்பே கோப்பு சர்வர் எழுந்துவிட்டால், தான் இருப்பது சொந்த அலுவலக நெட்வொர்க்கா அன்னியமான இடமா என்று அறியமாட்டாமல், தன் நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' என்று அது கருதிவிடக்கூடும். அக்கணமே ஃபயர்வால் கடுமையான விதிகளுக்கு மாறிவிட, நேற்று மாலை வரை திறந்த பகிர்வுகள் இன்று காலை 53 என்கின்றன. யாரும் எதையும் மாற்றவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள், அது உண்மையும்கூட. 'கெட்-நெட்கனெக்‌ஷன்புரொஃபைல்' என்று கேட்டுப் பார்த்து, 'பப்ளிக்' என்று வந்தால் நெட்வொர்க் கார்டை ஒருமுறை முடக்கி மறுபடி இயக்குவது அநேகமாகப் போதும். ஃபயர்வாலையே அணைத்துவிடுவது பரிகாரமன்று. அணைத்தவர் மறுபடி அதை இயக்கியதாக எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

இனி, ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் திறக்கிறது, பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்ற புகாரைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இதைக் கண்டவுடன் ஷார்ட்கட்டுகளையெல்லாம் எண்ணுக்கு மாற்றிவிட்டுக் காரியம் முடிந்ததென்று வீட்டுக்குப் போகும் வழக்கம் பரவலாக இருக்கிறது. டி.என்.எஸ். தவறான எண்ணைத் தரலாம். எப்போதோ யாரோ 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் எழுதி மறந்த ஒரு வரி, டி.என்.எஸ்.ஸையே பொருட்படுத்தாமல் பழைய முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். 'என்.எஸ்.லுக்கப்' தரும் எண்ணும் பிங் காட்டும் எண்ணும் வேறுபட்டால், சந்தேகிக்க வேண்டியது அந்த ஹோஸ்ட்ஸ் கோப்பைத்தான். ஏனெனில் முன்னது டி.என்.எஸ்.ஸை நேரே கேட்கிறது, பின்னது ஹோஸ்ட்ஸையும் பார்க்கிறது. ஆனால் இரண்டும் ஒரே எண்ணைத் தந்து, அந்த எண்ணும் சரியாக இருந்து, அப்பொழுதும் பெயரால் திறக்கவில்லையென்றால், விஷயம் முகவரியிலிருந்து அடையாளத்துக்கு நகர்ந்துவிட்டது என்று அறிய வேண்டும். பெயரால் அழைக்கும்போது விண்டோஸ் டொமைனில் கெர்பெரோஸ் என்ற முறையும், வெறும் எண்ணால் அழைக்கும்போது சாதாரணமாக என்.டி.எல்.எம். என்ற பழைய முறையும் ஆளை அடையாளம் காணப் பயன்படுகின்றன. எண்ணால் திறந்தது என்பது, பழைய முறை பிழைத்திருக்கிறது, புதிய முறை எங்கோ தடுக்கிக்கொண்டது என்பதற்குச் சாட்சியம்.

தடுக்கும் இடங்கள் சில எனக்குப் பரிச்சயமானவை. கெர்பெரோஸ் கடிகாரத்தை நம்பி நடப்பது. இயல்பான ஏற்பாட்டின்படி இரு இயந்திரங்களின் நேரம் 5 நிமிஷத்துக்கு மேல் வேறுபட்டால், அது அனுமதிச் சீட்டை ஏற்காது. வர்ச்சுவல் இயந்திரமொன்று டொமைனிடம் நேரம் கேளாமல், தன்னைத் தாங்கும் ஹோஸ்டிடம் நேரம் கேட்டு, அந்த ஹோஸ்டின் கடிகாரமும் பிசகியிருந்தால், மற்ற எல்லாச் சோதனைகளும் வீண். அடுத்தது, ஓய்வு பெற்ற சர்வரின் பெயரைப் புதிய சர்வருக்கு மாற்றுப்பெயராக டி.என்.எஸ்.ஸில் மட்டும் எழுதிவிடும் பழக்கம். டி.என்.எஸ். வழியைத்தான் காட்டும், அந்தப் பெயருக்கு உரியவர் இந்தச் சர்வர்தான் என்று ஆக்டிவ் டைரக்டரியில் பதிவு இல்லாதவரை, கெர்பெரோஸ் அந்தப் பெயரை அங்கீகரிக்காது. 'நெட்டோம் கம்ப்யூட்டர்நேம்' கட்டளையால் மாற்றுப்பெயரை முறைப்படி சேர்த்துவிட்டால், வேண்டிய பதிவுகளும் உடன் நிகழ்ந்துவிடுகின்றன. அதே சர்வரிலேயே உட்கார்ந்துகொண்டு அதன் மாற்றுப்பெயரால் அதையே திறக்க முயன்று, திறக்கவில்லை என்று வருந்துவோரும் உண்டு. தன்னைத் தானே வேறு பெயரில் அழைப்பதை விண்டோஸ் ஒரு பாதுகாப்புக் காரணத்தால் மறுக்கிறது, ஆகையால் சோதனையை எப்போதும் வேறோர் இயந்திரத்திலிருந்து செய்வதே உத்தமம்.

எனக்கு வந்த புகார்களில் மிகச் சுவையானவை இரவு வேலைகளைப் பற்றியவை. கணக்குப் பிரிவின் பேக்கப் கோப்பை இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் ஸ்கிரிப்டை எழுதிய இளைஞர் ஒருவர் வந்து, "சார், நான் ஓட்டினா ஓடுது, ராத்திரி தானா ஓடும்போது மட்டும் பாத் கிடைக்கலைன்னு சொல்லுது" என்றார். அவருடைய ஸ்கிரிப்டில் இலக்கு 'இசட்' டிரைவ் என்று இருந்தது. டிரைவ் எழுத்து என்பது இயந்திரத்தின் சொத்தன்று. லாகின் செய்த ஒருவரின் அமர்வோடு பிறந்து அதனோடு மறைவது. இரவில் அந்த வேலையை ஓட்டியவர் அந்த இளைஞர் அல்லர். 'சிஸ்டம்' என்ற கணக்கு. அந்தக் கணக்குக்கு 'இசட்' என்ற எழுத்தே தெரியாது. எழுத்தை நீக்கி, இரட்டைச் சாய்கோடுகளில் தொடங்கும் முழுப் பாதையை எழுதச் சொன்னேன். மறுநாள் வந்து, இப்போது 5 வருகிறது என்றார். அது தோல்வியன்று, முன்னேற்றம். பாதை கிடைத்துவிட்டது, ஆளுக்குத்தான் உரிமையில்லை. டொமைனில் 'சிஸ்டம்' கணக்கு வெளியே போகும்போது அந்த இயந்திரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, கடைசியில் டாலர் குறியோடு போகிறது. அந்தப் பெயருக்கு மற்றச் சர்வரின் ஃபோல்டரில் எழுதும் உரிமை கொடுத்ததும் காரியம் நடந்தது. டொமைனில் சேராத இயந்திரமாயின் இந்த வழி செல்லாது. அங்கே அந்த வேலைக்கென்றே ஒரு யூசரை இரு சர்வர்களிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் வைத்துக்கொள்வதே நடைமுறை.

1219 என்ற பிழை எண்ணும் இந்த ஆள் அடையாளச் சிக்கலுக்கு நெருங்கிய உறவு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு பெயர்களில் கையெழுத்திட முன்வந்தால் எப்படி மறுப்பார்களோ, அப்படியே, ஒரு சர்வரோடு ஏற்கெனவே ஒரு யூசர் பெயரில் பேசிக்கொண்டிருக்கும் அமர்வு, அதே சர்வரோடு இன்னொரு பெயரில் பேச முற்படுவதை விண்டோஸ் மறுக்கிறது. 'நெட் யூஸ்' என்று மட்டும் தட்டினால் பழைய தொடர்புகளின் பட்டியல் வரும்; அவற்றைத் துண்டித்துவிட்டு, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டுகளையும் பார்த்து நீக்க வேண்டும். இவ்விடத்தில் ஐ.பி. எண்ணைக் கொடுத்து இரண்டாம் பெயரில் நுழையும் யுக்தி ஒன்று பிரபலம். எண்ணையும் பெயரையும் விண்டோஸ் இரு வேறு சர்வர்களாகக் கருதுவதால் அது பலிக்கிறது. அவசரத்துக்கு உதவும், நிரந்தர ஏற்பாடாக அதை எழுதி வைப்பவரை நான் சிலாகிக்க மாட்டேன்.

உரிமைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பகிர்வின் மீதுள்ள அனுமதியும் என்.டி.எஃப்.எஸ். அனுமதியும் சேர்ந்து பரிசீலிக்கப்பட்டு, இரண்டில் கடுமையானதே செல்லும். ஆதலால் பகிர்வு மட்டத்தில் தாராளமாக விட்டு, ஃபோல்டர் மட்டத்தில் கட்டுப்படுத்துவது குழப்பம் குறைந்த வழி. ஒருவரை ஒரு குழுவில் சேர்த்த பின்னும் 5 வந்தால், அனுமதியை மேலும் தளர்த்தாமல், அவரை லாக் ஆஃப் செய்துவிட்டு மறுபடி நுழையச் சொல்லுங்கள். பழைய அமர்வின் சீட்டில் புதிய குழுவின் பெயர் இராது. இயந்திரக் கணக்கைச் சேர்த்திருந்தால் அந்த இயந்திரத்தையே ரீஸ்டார்ட் செய்ய நேரும். 'எவ்ரிஒன்', 'ஃபுல் கன்ட்ரோல்' என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துத் தட்டும் கைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது வழக்கம்.

லினக்ஸில் கோப்புப் பகிர்வுக்குச் சாம்பா நடத்துவோர், அதன் பாஸ்வேர்டு லினக்ஸ் கணக்கின் பாஸ்வேர்டிலிருந்து தனி என்பதையும், எல்லாம் சரியாயிருந்தும் உள்ளே விடாவிட்டால் எஸ்.ஈ.லினக்ஸ் அந்த ஃபோல்டருக்கு இட்டிருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

கம்பி மீதே குற்றம் இருக்கும் சந்தர்ப்பமும் இல்லாமலில்லை. ஃபோல்டர் திறக்கிறது, பட்டியல் வருகிறது, சிறு கோப்புகள் நகலாகின்றன, பெரிய கோப்பு மட்டும் தொடங்கி உறைந்து நிற்கிறது என்றால், ஜம்போ ஃபிரேமைச் சந்தேகிக்க வேண்டும். இரு சர்வர்களில் பாக்கெட்டின் உச்ச அளவை 9000 என்று வைத்து, இடையிலுள்ள ஸ்விட்ச் 1500-இலேயே நின்றுவிட்டால், சிறிய பாக்கெட்டுகள் தாண்டிப் போகும், பெரியவை ஓசையின்றி மாயும். பிங் கட்டளையில் துண்டாக்கக் கூடாதென்ற நிபந்தனையோடு 1472 அளவை அனுப்பி, பிறகு 8972 அளவை அனுப்பிப் பார்த்தால் பிரத்தியட்சமாகும்; முன்னது போய்ப் பின்னது போகாவிட்டால் சந்தேகம் உறுதி. மேற்படி எண்களோடு 28 பைட் தலைப்பைச் சேர்த்தால் 1500-உம் 9000-உம் வரும்.

கடைசியாகப் பழைய பரிபாஷையைப் பற்றி. கோப்புப் பகிர்வு பேசும் பரிபாஷையான எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பிலிருந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-இல் திருத்தம் வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத இயந்திரங்களில் மே 12-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்து உலகெங்கும் ஆஸ்பத்திரிகளையும் ஆலைகளையும் ஸ்தம்பிக்கச் செய்தது. அவ்வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து முதற் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. 2019-இல் சாம்பா 4.11-உம் அதை இயல்பாக நிறுத்திவிட்டது. அன்று முதல் பழைய ஜெராக்ஸ் மிஷின்கள் ஸ்கேன் செய்ததைச் சர்வருக்கு அனுப்ப முடியாமல் திண்டாடுகின்றன. உடனே யாராவது சர்வரிலேயே அந்தப் பழைய பதிப்பை உயிர்ப்பித்துவிடுகிறார். மிஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கப் பாருங்கள். முடியாதாயின் ஈமெயிலுக்கு ஸ்கேன் அனுப்பச் செய்யுங்கள். கோப்பு சர்வரைத் தொடாதீர்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பும் விண்டோஸ் சர்வர் 2025-உம், வெளியே போகும் எஸ்.எம்.பி. தொடர்புகள் எல்லாவற்றிலும் கையொப்பத்தை இயல்பாகவே வற்புறுத்துவதால், 'கெஸ்ட்' என்ற பெயரில் பாஸ்வேர்டின்றித் திறந்துகொண்டிருந்த நாஸ் என்னும் பழைய சேமிப்புப் பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒரு யூசரை உண்டாக்கி, எஸ்.எம்.பி. இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பை இயக்கி, கையொப்பத்தை அனுமதிக்க இடமிருக்கிறதா என்று முதலில் பெட்டியின் செட்டிங்ஸில் தேடுங்கள். பெரும்பாலானவற்றில் இருக்கிறது, யாரும் திறந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.